எனக்கு ஆட்சேபணை இல்லை

மார்ச் 3

மகளின் அப்பாவுக்கு,

உங்களை எப்படி அழைத்து எழுதுவது என்று வெகுநேரம் யோசித்து, கடைசியில் இதைப் பிடித்தேன். இந்த ஒன்றை மட்டும் யாராலும் ரத்து செய்ய முடியாது.

போனில் பேசலாமே என்று நினைப்பீர்கள். பேசினால் நான் கத்துவேன், நீங்கள் "ம்... ம்..." என்பீர்கள், குட்டி பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாலு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே நாடகம். மறுபடி பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஆய்வகத்தில் நாள் முழுக்க ஊரார் ரத்தத்தைக் குழாயில் ஊற்றிச் சுழற்றிவிட்டு வந்தால், செருப்பைக் கழற்றவே ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். நம் சபைக்காரர்தான். டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். மனைவியை இழந்தவர். நல்ல மனுஷன், பேச்சுதான் மெதுவாக வரும். எப்போதும் ஒரு கால் பிரேக்கின் மேலேயே இருக்கும். குட்டிக்குப் பிடித்திருக்கிறது. "அம்மா, அவர் ஜோக் சொன்னா ரெண்டு நாள் கழிச்சுதான்மா சிரிப்பு வருது" என்கிறாள்.

பதிவுக் கல்யாணத்துக்குத் தடை எதுவும் இல்லை. கோர்ட்டு நம்மைப் பிரித்து எவ்வளவோ காலம் ஆயிற்று. ஆனால் ஆலயத்தில் நம்மை முத்திரித்தார்களே, அது அப்படியே இருக்கிறது. வெள்ளை உடுப்பில் எதிரெதிரே மண்டியிட்டு, சாவோடு முடியாத கல்யாணம் என்று வாங்கிக்கொண்டோமே, அது. அதற்கு முன்னால் நீதிபதி கையெழுத்து செல்லாது. கூட வேலை செய்கிறவளிடம் இதைச் சொன்னேன். "செத்த பிறகும் அதே புருஷனா? உங்க மார்மன் சபையில இது வரமா, தண்டனையாடி?" என்று கேட்டாள். ஆளைப் பொறுத்தது என்றேன்.

பழைய முத்திரையை ரத்து செய்தால்தான் புதியவரோடு என்னை முத்திரிப்பார்கள். அவருக்கு அந்தத் தொல்லை கிடையாதாம். செத்துப்போன மனைவியோடும் முத்திரை இருக்கும், என்னோடும் இருக்கும். ஆண்களுக்கு ஒன்றின்மேல் ஒன்று வைக்கலாம், பெண்களுக்குத்தான் ஒன்றை அவிழ்த்துவிட்டு வரவேண்டும். மேலே போய் அந்த அம்மாவோடு அடுப்பைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. சரி, அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ரத்து கேட்டு நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். தலைமைக்கு அனுப்புவதற்கு முன்னால் முன்னாள் கணவரின் வார்த்தையும் வேண்டுமாம். உங்கள் ஊர்ச் சபையை நடத்துகிற ஆயரிடம் ஒரு தாள் வரும். அதில் "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்தியதற்கு இந்த ஒரு வரி கேட்பது பேராசை இல்லை என்று நினைக்கிறேன்.

மகளின் அம்மா


மார்ச் 29

மகளின் அம்மாவுக்கு,

முதலில் வாழ்த்து. மனதாரத்தான் சொல்கிறேன். இந்த வரியை மூன்று விதமாக எழுதி அடித்தேன், எப்படி எழுதினாலும் திருமணக் கூடத்தின் வாசலில் தொங்கும் அட்டை மாதிரியே இருக்கிறது. ஆனாலும் மனதாரத்தான்.

தாள் வந்துவிட்டது. ஆயர் அதை என்னிடம் காட்டினார், கொடுக்கவில்லை. சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, "அவசரமில்ல சகோதரரே, அவசரமில்ல" என்றார். குட்டி உன்னிடம் சொல்லியிருப்பாள், எங்கள் ஆயர் பேருந்து டிப்போவில் மேலாளர். வாரம் முழுக்க டிரைவர்களோடும் கண்டக்டர்களோடும் மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சம்பளமில்லாமல் எங்களோடு மல்லுக்கட்டுகிறார். கூட்டத்தின் நடுவில் கண்ணை மூடினால் ஜெபிக்கிறாரா தூங்குகிறாரா என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு இங்கே சபைக் கட்டிடத்தின் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் முன்னால் போய்த் திறந்து, நாற்காலிகளைப் போட்டு, மின்விசிறிகளைப் பார்த்து வைப்பது என் வேலை. ஒரு விசிறி கரகரவென்று சத்தம் போடும். போன வாரம் அதைக் கழற்றி எண்ணெய் விட்டேன். இப்போது சத்தமில்லாததால் பிரசங்கம் தெளிவாகக் கேட்கிறதென்று பாதிப் பேர் என்மேல் கோபமாக இருக்கிறார்கள்.

ஒரு பழைய ஆஸ்பத்திரி லிஃப்டைப் பழுது பார்ப்பதிலேயே மாதம் போயிற்று. மேலே ஏறும், நாலாவது மாடியில் கதவைத் திறக்க மறுக்கும். நர்ஸ்கள் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். முட்டியும் முன்னைப்போல் மடங்கவில்லை.

அந்த வரியைப் பற்றி. கொஞ்சம் அவகாசம் கொடு. ஏன் என்று கேட்காதே.

குட்டிக்குப் பல்லுக்குக் கம்பி போட்டாயிற்றா? போனில் கேட்டால் "இஸ்" "இஸ்" என்கிறாள், எனக்குப் பாதி புரியவில்லை.

மகளின் அப்பா


ஏப்ரல் 6

மகளின் அப்பாவுக்கு,

ஏன் என்று கேட்காதே என்றால் நான் கேட்காமல் இருப்பேனா? எத்தனை வருஷம் என்னோடு இருந்தீர்கள்?

ஒரு வரி! லிஃப்டுக்குள் "ஆறு பேருக்கு மேல் ஏறாதீர்கள்" என்று ஒட்டுகிறீர்களே, அதைவிடச் சின்ன வரி. இதற்கு ஒரு மாதம், அப்புறம் விசிறிக் கதை, முட்டிக் கதை. நான் என்ன உங்கள் முட்டியையா கேட்டேன்?

உங்களுக்கு அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். குட்டி விடுமுறைக்கு வந்துபோனபோது சொன்னாள். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், நன்றாகச் சமைக்கிறார், இவளுக்குக் கண் பரிசோதித்து ஓசியில் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். "அப்பா அங்க சிரிக்கிறார்மா" என்றாள். அதைக் கேட்டு அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பொறாமை என்று நினைக்காதீர்கள். இந்த மனுஷனுக்குச் சிரிக்கத் தெரியுமா என்ற ஆச்சரியம். உங்களுக்கு ஒருவர் இருக்கும்போது என்னை மட்டும் எதற்குக் கட்டிப்போட்டிருக்கிறீர்கள்?

உங்களை வாயாரத் திட்டித் தீர்க்கவாவது ஒரு காரணம் இருந்திருக்கக் கூடாதா? எதையும் நீங்கள் மறைக்கவில்லை. நிச்சயம் செய்வதற்கு முன்பே, சபைக் கட்டிடத்தின் பின்புறம் சைக்கிள் நிறுத்துமிடத்தில், கைக்குட்டையைத் திருகித் திருகிக் கயிறாக்கிக்கொண்டு சொன்னீர்கள். "எனக்கு ஆம்பளைங்க மேலதான் மனசு போகுது. ஆயர்கிட்டயும் சொல்லிட்டேன். கல்யாணமானா சரியாயிடும்ங்கிறார்." நான் என்ன சொன்னேன்? "ரெண்டு பேரும் ஜெபம் பண்ணுவோம், சரியாயிடும்." எனக்கு இருபத்தி இரண்டு வயது. அந்த வயதில் எல்லாமே சரியாகிவிடும்.

பன்னிரண்டு வருஷம் ஜெபம் செய்தோம். உபவாசம் இருந்தோம். நீங்கள் குடிக்கவில்லை, கை ஓங்கவில்லை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்தீர்கள். என் அம்மாவிடம் போய்ப் புகார் சொல்ல ஒன்றுமே இல்லை. யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வந்தால் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து ஓடுவீர்கள். நீங்கள் வரும்வரை நானும் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பேன். எத்தனை இரவு ஆறிப்போன சோற்றை எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம்! அப்புறம் படுத்த பிறகு நீங்கள் சத்தம் வராமல் அழுவீர்கள். நான் தூங்குகிற மாதிரி நடிப்பேன். அந்தக் களைப்பு இன்னும் எனக்குப் போகவில்லை.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். இந்த டிரைவிங் ஸ்கூல்காரர் என்னை ஆசையாகப் பார்க்கிறார். வெள்ளைக் கோட்டோடு, கையில் ஸ்பிரிட் நாற்றத்தோடு வெளியே வருகிறேன், வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றவர் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். எனக்கு முப்பத்தெட்டு வயது. ஓர் ஆண் அப்படிப் பார்த்தால் எப்படியிருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

என்னை விட்டுவிடுங்கள்.

மகளின் அம்மா


ஏப்ரல் 20

மகளின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தை லிஃப்டின் மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்தேன். சிரிக்கவில்லை. மொட்டைமாடிக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி உள்ளே போனேன்.

உன்னைக் கட்டிப்போட நினைக்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் நீ விடமாட்டாய்.

தாளில் என் வரி மட்டும் போதாது. ஆயர் என்னோடு உட்கார்ந்து பேசி, என் இப்போதைய நிலை என்ன என்று தன் கைப்பட எழுதி அனுப்ப வேண்டும். அதாவது, அவர் என்னைக் கேட்க வேண்டும். அந்த மனுஷன் இரண்டு வருஷமாகக் கேட்காமல் காலத்தை ஓட்டுகிறார். என் வீட்டுக்கு வந்திருக்கிறார். இரண்டு ஜோடிச் செருப்பையும் பார்த்திருக்கிறார். கட்டில் ஒன்றுதான் என்பதும் கண்ணில் படாமல் இருக்காது. "உங்க ரூம்மேட் சௌக்கியமா?" என்று விசாரிப்பார். கேட்டால் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் கேட்பதில்லை. தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு "அவசரமில்ல" என்றதும் அதனால்தான்.

கேட்டு, நான் சொல்லி, அவர் எழுதிவிட்டால் அப்புறம் சும்மா இருக்க முடியாது. விசாரணைக் கூட்டம் வைக்க வேண்டும். வைத்தால் முடிவு என்ன என்று உனக்கும் தெரியும். என் பெயரைச் சபையிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

போனால் போகட்டுமே என்று கண்ணாடிக் கடைக்காரரும் சொல்கிறார். அவருக்கு எந்தச் சாமியும் கிடையாது. ஆனாலும் ஞாயிறு தவறாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போய் இறக்கிவிடுவார். நான் வெளியே வரும்வரை வண்டியிலேயே செய்தித்தாளை விரித்துக்கொண்டு இருப்பார். "உள்ள வர வேண்டியதுதானே?" என்றால், "உன்னைத் தப்புன்னு சொல்ற வீட்டுக்கு நான் எதுக்கு வரணும்? நீ வேணா போ, உனக்குச் சூடு சொரணை கிடையாது" என்பார். அவர் சொல்வதில் தப்பில்லை.

ஆனால் எனக்கு நம்பிக்கை போகமாட்டேன் என்கிறது, என்ன செய்ய? எவ்வளவோ முயற்சி செய்து பார்த்தேன். இந்த ஊருக்கு வந்த புதிதில் மூன்று மாதம் சபைக்குப் போகாமல் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தானாக விழிப்பு வந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். ஜெபம் செய்தால் கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று எனக்குத் தெரிகிறது. இவரோடு ஒரே தட்டில் சாப்பிடும்போதும் அதே மாதிரி தெரிகிறது. இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. இதை யாரிடம் சொல்லி நிரூபிப்பது? இரண்டில் ஒன்றை விடு என்கிறார்கள் எல்லோரும். சபைக்காரர்கள் இவரை விடச் சொல்கிறார்கள், மற்றவர்கள் சபையை விடச் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுத்து எனக்கு அலுத்துவிட்டது.

திருவிருந்துத் தட்டு வரிசையாக வருகிறது இல்லையா, அந்தத் துண்டு ரொட்டியை நான் எடுத்துக்கொள்கிறேன். என் வீட்டில் என்ன இருக்கிறதென்று அதைக் கொடுக்கிற கர்த்தருக்குத் தெரியும், ஆயர்தான் கேட்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு எடுக்கிறேன். அது நியாயமா என்று தெரியாது. அது இருந்தால்தான் எனக்கு வாரம் ஓடுகிறது. பெயரை எடுத்தால் அதுவும் போய்விடும், அப்புறம் எப்படி ஓட்டுவேன் என்று தெரியவில்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது. நம் முத்திரையை அவிழ்த்தால் குட்டி யாருடையவள்? அதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

இவ்வளவுதான். உன்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

மகளின் அப்பா


மே 2

மகளின் அப்பாவுக்கு,

எனக்கு இது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் முட்டியையெல்லாம் இழுத்திருக்கமாட்டேன்.

குட்டியைப் பற்றி எங்கள் ஆயரிடம் கேட்டுவிட்டேன். உங்களுக்குத்தான் வாய் வராது, எனக்கு நன்றாக வரும். நாம் முத்திரிக்கப்பட்ட பிறகு பிறந்தவள், அவளுடைய பந்தம் அவளுக்கு அப்படியே இருக்குமாம். நம் இரண்டு பேருக்கு நடுவில் உள்ளதை மட்டும்தான் எடுப்பார்கள். "அப்போ அவளோட அப்பா?" என்று கேட்டேன். "அதையெல்லாம் கர்த்தர் பார்த்துப்பார் சகோதரி" என்றார். தெரியாது என்பதை இவர்கள் எவ்வளவு அழகாகச் சொல்கிறார்கள்!

முதலில் எனக்கு ஒரு குறுக்குவழி தோன்றியது. கேட்டால் "ரூம்மேட்" என்றே சொல்லிவிடுங்கள் என்று எழுத உட்கார்ந்தேன். அப்புறம் உங்கள் மூஞ்சி நினைவுக்கு வந்தது. லிஃப்டைச் சோதிக்காமல் நல்லாயிருக்கிறது என்று கையெழுத்துப் போட மறுத்து, ஒரு வேலையையே விட்டுவிட்டு வந்த ஆள் நீங்கள். அந்த மாதம் நாம் எப்படிச் சமாளித்தோம் என்று எனக்குத்தான் தெரியும். உங்களிடம் போய்ப் பொய் சொல்லச் சொல்வதா என்று தாளைக் கசக்கிப் போட்டேன்.

அதனால் இப்படிச் செய்வோம். எதையும் எழுத வேண்டாம். அந்தத் தாள் உங்கள் ஆயரின் சட்டைப் பையிலேயே கிடந்து சலவைக்குப் போகட்டும். எனக்குப் பதிவுக் கல்யாணம் போதும்.

டிரைவிங் ஸ்கூல்காரரிடமும் சொல்லிவிட்டேன். உங்கள் விஷயத்தை விவரமாகச் சொல்லவில்லை, இப்போதைக்கு முத்திரை கிடைக்காது என்று மட்டும் சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். "அப்போ சாகுற வரைக்கும்தானா?" என்றார். "சாகுற வரைக்கும் ஒழுங்கா இருந்தா போதாதா?" என்றேன். வீட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். போச்சு, இதுவும் போச்சு என்று படுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஆய்வக வாசலில் வந்து நின்று, "போதும்" என்றார்.

எனக்கு ஆசை இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த வெள்ளை அறையில், என்னை ஆசையாகப் பார்க்கிற ஒருவரின் எதிரே ஒரு தடவை மண்டியிட வேண்டும் என்று எனக்கு ஆசைதான். ஆனால் உங்கள் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் மண்டியிட எனக்கு மனசு வராது. இது பெருந்தன்மை இல்லை. எனக்கு அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் ஆளிடம் குட்டியின் கண்ணாடிக்கு நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள். அதன் ஒரு காது உடைந்துவிட்டது. கண்ணில் மாட்டியிருக்கும்போதே அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன் என்கிறாள், எப்படியென்று விளங்கவில்லை.

மகளின் அம்மா


மே 19

மகளின் அம்மாவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன்.

ஏப்ரலில் எழுதிய கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்த பிறகு, நீ எழுதியிருந்த அந்த ஒரு விஷயம் என்னை விடவில்லை. ஓர் ஆண் பார்த்தால் எப்படியிருக்கும் என்று தெரியாது என்றாயே. எனக்கு அது தெரியும். இங்கே தினமும் கிடைக்கிறது. காலையில் காபி கூடக் குடிக்காத இந்த மார்மனுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பார்க்கிறார். அதை நான் வைத்துக்கொண்டு, உனக்கு அது முழுதாகக் கிடைக்காமல் செய்துகொண்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு ஆயரின் அறைக்குப் போய், "அந்தத் தாளைக் குடுங்க" என்றேன்.

அவர் உடனே எடுக்கவில்லை. "யோசிச்சீங்களா சகோதரரே? நான் கேட்க வேண்டியிருக்கும்" என்றார். "கேளுங்க" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார், இந்தத் தடவை தூக்கம் இல்லை. அப்புறம் கேட்டார். நான் சொன்னேன். "எனக்குத் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம்" என்று சொல்லி, மேசைமேல் இருந்த துடைக்கும் காகிதத்தை என் பக்கம் தள்ளப் போய், கடைசியில் அவரே எடுத்துக்கொண்டார்.

தாளில் எழுதினேன்: "எனக்கு ஆட்சேபணை இல்லை. இவர் எனக்கு நல்ல மனைவியாக இருந்தார். இவருக்குக் கிடைக்க வேண்டியது என்னிடம் இல்லை." கடைசி வரி தேவையில்லை என்றார் ஆயர். இருக்கட்டும் என்றேன்.

விசாரணைக் கூட்டம் அடுத்த வாரமே நடந்தது. பிள்ளைகள் வகுப்பு அறையில், சுவரில் அவர்கள் வரைந்த சூரியன்களுக்குக் கீழே, நான் ஒரு பக்கமும் ஆயரும் அவருடைய ஆலோசகர்களும் எதிர்ப்பக்கமுமாக உட்கார்ந்து பேசினோம். நாற்காலிகளை நான்தான் போட்டேன், வேறு யாருக்கு அந்த அலமாரியைத் திறக்கத் தெரியும்? யாரும் கடிந்து பேசவில்லை. கடிந்து பேசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கண்ணாடிக் கடைக்காரரை விட்டுவிட்டு வந்தால் ஒரு வருஷத்துக்குப் பிறகு மறுபடி ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளலாம், கதவு திறந்தே இருக்கும் என்றார்கள். உங்கள் வீட்டு அம்மாவை விட்டுவிட்டு நீங்கள் வருவீர்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவர்களும் களைத்திருந்தார்கள்.

முடிந்ததும் சாவியைக் கேட்டார் ஆயர். கொடுத்தேன். வாசல்வரை கூட வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உடம்பைப் பார்த்துக்கங்க சார்" என்றார். இத்தனை நாளும் சகோதரரே என்று கூப்பிட்டவர். வேண்டுமென்றே சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அவர் முகமே செத்துப்போயிற்று. பெயரை எடுத்தது எனக்கு உறைக்கவில்லை, இந்த "சார்" உறைத்தது. வண்டியில் ஏறினதும் அழுதேன். கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக்குத் திரும்பாமல் ஊரைச் சுற்றி ஓட்டிக்கொண்டே இருந்தார்.

போன ஞாயிறு வழக்கம்போல வெள்ளைச் சட்டை போட்டேன். "இன்னுமா போற?" என்றார். வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, கடைசி வரிசையில் உட்காரலாம் என்றேன். "உனக்கு நிஜமாவே சொரணை கிடையாது" என்று வண்டியை எடுத்தார். இறக்கிவிட்டார். நாலு எட்டு நடந்திருப்பேன், பின்னால் கார்க் கதவு சாத்தும் சத்தம். மனுஷன் செய்தித்தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறார்! உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் பழைய விசிறிகூட அன்றைக்கென்று கரகரவென்றது.

திருவிருந்துத் தட்டு வந்தது. நான் எடுக்காமல் அவர் பக்கம் நகர்த்தினேன். அவருக்கு என்ன தெரியும்? ஏதோ கொடுக்கிறார்கள் என்று ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வெளியாள் எடுத்தால் யாரும் தடுப்பதில்லை. மென்றுகொண்டே என் காதில், "நேத்து ரொட்டி போல இருக்கே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். அப்புறம் "நீ எடுக்கலையா?" என்றார். "எனக்கு இனிமே கிடையாது" என்றேன். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். கூட்டம் முடியும்வரை அந்தத் துண்டை முழுங்காமல், கன்னத்தில் அடக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நீ கவலைப்படாதே. தாள் போய்விட்டது. உனக்கு நல்லபடியாக வரும்.

குட்டியின் கண்ணாடியை அனுப்பி வை, வேறு காது போட்டுத் தருகிறாராம். அவள் எப்படி உட்கார்ந்தாள் என்று அவரும் கேட்கிறார்.

மகளின் அப்பா


ஜூன் 2

சகோதரருக்கு,

யார் வேண்டுமானாலும் சார் என்று கூப்பிடட்டும். நான் இப்படித்தான் எழுதுவேன்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. படித்துவிட்டு உங்களைக் கண்டபடி திட்டினேன். வேண்டாம் என்று எழுதினேனே, ஒரு வாரம் பொறுத்திருந்தால் என்ன? எதற்கும் அவகாசம் கேட்கிற மனுஷன், இதற்கு மட்டும் என்ன அவசரம்? குட்டி வந்து ஏன் கத்துகிறாய் என்றாள். கடிதத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். பதினாலு வயதாகிறது, தெரியட்டும். படித்து முடித்துவிட்டு, "அவர் அந்த ரொட்டியை அப்புறம் என்னம்மா பண்ணார்?" என்று கேட்டாள். நீங்கள் அதை எழுதவில்லை.

தாள் எங்கள் ஆயரிடம் வந்து மேலே போய்விட்டது. நீங்கள் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை படித்தார். எப்படியும் ரத்து வந்துவிடுமாம். வந்ததும் நாள் குறிப்பார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர் வெள்ளை உடுப்புக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு ஆசை போகவில்லை, போகவே போகாது. உங்கள் தட்டைப் பிடுங்கிக்கொண்டு மண்டியிடமாட்டேன் என்றெல்லாம் எழுதினேன் அல்லவா? மண்டியிடத்தான் போகிறேன். நீங்கள் அவ்வளவு கொடுத்து வாங்கித் தந்ததைத் தூக்கி எறிய எனக்கு உரிமை இல்லை.

ஆனால் நேற்று சபையில் ஒரு காரியம் செய்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை.

குட்டி ஒரு பக்கம், டிரைவிங் ஸ்கூல்காரர் ஒரு பக்கம், நான் நடுவில். தட்டு வந்தது. குட்டி எடுத்துக்கொண்டு என்னிடம் நீட்டினாள். அந்தச் சின்னச் சின்ன வெள்ளைத் துண்டுகளைப் பார்த்தேன். கை போகவில்லை. அப்படியே அவர் பக்கம் நகர்த்திவிட்டேன். முன்வரிசையில் முதுகுகள் விறைத்தது எனக்குத் தெரிந்தது. கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற பெண் திருவிருந்தை எடுக்காமல் விட்டால், அதற்குள் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்றுதான் நம் ஜனங்கள் நினைப்பார்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாவம், அவர் காது சிவந்துபோயிற்று. அவரையும் சேர்த்துத்தான் பேசுவார்கள் என்று தெரிந்தும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போல இரண்டு நாள் ஆகும்.

கூட்டம் முடிந்ததும் ஆயர் அறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகத்தான் கேட்டார். "சகோதரி, இன்னைக்கு நீங்க எடுத்துக்கலையே. மனசுல ஏதாவது இருக்கா? எங்கிட்ட சொல்லணுமா?"

"எங்கிட்ட ஒரு குறையும் இல்லைங்க. எங்க வீட்டு ஆள் ஒருத்தர் இன்னும் சாப்பிடலை. அவர் சாப்பிடாம நான் சாப்பிட்டுப் பழக்கமில்லை" என்றேன்.

எழுந்து வந்துவிட்டேன்.

வரும் ஞாயிறு எடுத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் முத்திரைக்கு அனுமதி கிடைக்காது, எனக்கும் பசிக்கிறது. ஒரு வாரம்தான் என்னால் முடிந்தது.

உங்கள் சகோதரி